வயிற்றில் நீர் கோத்தது, காசநோய் இல்லை: வயிற்றுச் சவ்வில் வரும் மீசோதீலியோமா பற்றி

வாசகர் கேள்வி, 2023 ஜூன் 4

என் பெரியப்பாவுக்கு வயது 63. அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆறு மாதமாக வயிறு உப்பிக்கொண்டே வந்தது. நீர் எடுத்தார்கள், காசநோய் மருந்து கொடுத்தார்கள், குறையவில்லை. இப்போது உள்ளிருந்து துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு மீசோதீலியோமா என்கிறார்கள். கல்நாரால் வருவதாம். கல்நார் நுரையீரலுக்குத்தானே கெடுதல்? வயிற்றுக்குள் எப்படிப் போனது? சிகிச்சை இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஒரு மருத்துவர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை இல்லை என்ற பேச்சை இப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டாம். வயிற்றுச் சவ்வில் வரும் மீசோதீலியோமாவுக்கு அறுவை சிகிச்சை உண்டு. அது எல்லாருக்கும் பொருந்தாது. ஆனால் பொருந்துமா, பொருந்தாதா என்று சொல்ல வேண்டியவர் அந்த அறுவையைத் தொடர்ந்து செய்துவரும் புற்றுநோய் அறுவை மருத்துவர்தான். மற்றவர்கள் சொல்வது ஊகம். பயாப்ஸி அறிக்கை, திசு பதித்த மெழுகுக் கட்டைகள், கண்ணாடித் தகடுகள், சி.டி. ஸ்கேன் பதிவான குறுந்தகடு ஆகிய எல்லாவற்றையும் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 2015இல் இதே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை.

ஜூன் 5

கல்நார் வயிற்றுக்குள் எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன்.

குடல், கல்லீரல், இரைப்பை எல்லாவற்றையும் வெளியிலிருந்து போர்த்தி, வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன் பெயர் பெரிட்டோனியம். அவித்த முட்டையின் ஓட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தோலைப் போல அது பளபளப்பாக இருக்கும் என்று எங்கள் அறுவை மருத்துவர் விளக்கினார். நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்விலும் இதிலும் ஒரே வகை அணுக்கள்தான் இருக்கின்றன. அந்த அணுக்களில் தொடங்கும் புற்றுநோய்தான் மீசோதீலியோமா. பெரும்பாலும் அது நுரையீரல் சவ்வில்தான் வருகிறது. ஏறத்தாழ பத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வயிற்றுச் சவ்வில் வருகிறது.

கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மூச்சோடு போன இழையில் ஒரு பகுதி சளியோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடல் சுவரைத் துளைத்துச் சவ்வை அடையலாம் என்பது ஒரு விளக்கம். நுரையீரலிலிருந்து நிணநீர் வழியாக உதரவிதானத்தைத் தாண்டிக் கீழே இறங்கலாம் என்பது இன்னொன்று. எந்த வழியாக வந்தாலும், சவ்வில் தங்கிய நீளமான இழையை உடலின் துப்புரவு அணுக்களால் முழுதாக விழுங்க முடிவதில்லை. அவை முயன்று தோற்று, அழற்சியை உண்டாக்கும் பொருள்களை விடாமல் கக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த அழற்சி பல பத்தாண்டுகள் நீடிக்கும்போது அணுக்களின் மரபுப்பொருள் சிதைகிறது. இழை உள்ளே போனதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம்.

கல்நாரில் வகைகள் உண்டு. நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும் வெள்ளையைவிட மீசோதீலியோமாவை உண்டாக்குவதில் வலியவை. ஆனால் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகையையுமே மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வயிற்றுச் சவ்வில் வருவது குறிப்பாக அதிக அளவுத் தூசியில் வேலை செய்தவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. நியூயார்க் பகுதியில் நீராவிக் குழாய்களுக்கு வெப்பக்காப்பு பூசிய தொழிலாளர்களை 1960களிலிருந்து இர்விங் செலிகாஃப் என்ற மருத்துவர் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களிடையே வயிற்றுச் சவ்வில் வந்த நோயும் நிறைய இருந்தது. உங்கள் பெரியப்பா அனல்மின் நிலையத்தில் என்ன வேலை செய்தார் என்று கேட்டீர்களா? பாய்லர், நீராவிக் குழாய், லேகிங் (குழாய்மேல் வெப்பக்காப்பு பூசும் வேலை) பக்கமாக இருந்தாரா?

ஜூன் 5, மாலை

காசநோய் மருந்து கொடுத்ததற்காக அந்த மருத்துவரை மிகவும் கடிந்துகொள்ள வேண்டாம் என்று எழுத நினைத்தேன். பிறகு யோசித்ததில், அதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன்.

நம் நாட்டில் வயிற்றில் நீர் கோத்து, எடை குறைந்து, ஸ்கேனில் சவ்வு தடித்துத் தெரிந்தால் காசநோயை முதலில் நினைப்பது நியாயம்தான், ஏனென்றால் அதுதான் மிகப் பரவலாக இருக்கிறது. மீசோதீலியோமாவிலும் அதே நீர், அதே தடிப்பு, குடல்மேல் தொங்கும் கொழுப்புத் திரை கெட்டிப்பட்டு அடைபோல் ஆவதும் அதேதான். நீரை மட்டும் எடுத்து அணுக்களைப் பார்த்தால் பல நேரம் தெளிவாகத் தெரிவதில்லை. நியாயமில்லாத பாதி எதுவென்றால், திசு எடுக்காமலேயே மருந்தைத் தொடங்கி, வயிறு குறையாதபோதும் மாதக்கணக்கில் தொடர்வது. லேப்ராஸ்கோப்பி வழியாக, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராக் குழாயைச் செலுத்தி உள்ளே பார்த்து, இரண்டு மூன்று இடங்களில் துண்டு எடுத்தால் காசநோயா, புற்றா என்பது பெரும்பாலும் பிரிந்துவிடும்.

அம்மாவுக்கு நடந்தது வேறு குழப்பம். இரத்தத்தில் சி.ஏ. 125 என்ற புற்றுக்குறிப் புரதத்தின் அளவு உயர்ந்திருந்தது, வயிற்றில் நீர், வயது 58. சூலகப் புற்றுநோய் என்றே முடிவு கட்டி, அதற்கான கீமோ தேதியும் கொடுத்துவிட்டார்கள். அந்த அளவு மீசோதீலியோமாவிலும் உயரும் என்பதை அந்த மருத்துவமனையில் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. திசுவை மறுபடி வேறிடத்தில் பார்க்கச் சொன்னவர் என் மாமாவின் நண்பரான ஒரு நோய்க்குறியியல் மருத்துவர். அவர் சொல்லியிருக்காவிட்டால் அம்மாவுக்கு வேறு நோயின் சிகிச்சைதான் நடந்திருக்கும்.

ஜூன் 8

அறிக்கையின் வரிகளைப் பதிந்ததற்கு நன்றி. எபிதீலியாய்டு வகை, கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1 இரண்டும் நேர்மறை, பெர்-ஈ.பி.4 எதிர்மறை, பி.ஏ.பி.1 இழப்பு. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1 ஆகியவை சவ்வு அணுக்களில் நிறமேறும் சாயங்கள். பெர்-ஈ.பி.4 குடல், சூலகம் போன்ற இடங்களிலிருந்து வரும் புற்றில் நிறமேறுவது. இங்கே ஏறவில்லை என்பதால் அந்தப் பக்கம் கதவு ஏறத்தாழ மூடிவிட்டது. டபிள்யூ.டி.1 மட்டும் தனியாகப் போதாது, சூலகப் புற்றிலும் அது ஏறும். அம்மாவின் முதல் அறிக்கையில் குழப்பம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பி.ஏ.பி.1 என்பது புற்றைத் தடுக்கும் ஒரு மரபணுவின் புரதம். அது இல்லாமல் போனது, இது வெறும் அழற்சியால் பெருகிய அணு இல்லை, புற்றுதான் என்பதை உறுதிப்படுத்துகிறது.

மிக முக்கியமான சொல் எபிதீலியாய்டு. மற்ற இரண்டு வகைகளான சார்கோமட்டாய்டும், இரண்டும் கலந்த பைஃபேசிக்கும் வேகமாக வளர்பவை. அவற்றில் அறுவையின் பயன் மிகக் குறைவு. வயிற்றுச் சவ்வில் வருபவற்றில் பெரும்பாலானவை எபிதீலியாய்டுதான் என்பது ஆறுதலான செய்தி. முதல் மருத்துவர் இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 11

அறுவையைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள். நீளமாகத்தான் வரும்.

இரண்டு பகுதிகள். முதலில் கண்ணுக்குத் தெரியும் கட்டி அனைத்தையும் எடுப்பது. நோய் பரவிய இடங்களில் சவ்வை உரித்து எடுக்கிறார்கள்: உதரவிதானத்தின் அடிப்பக்கம், இடுப்புக் குழி, வயிற்றின் பக்கச் சுவர்கள். கொழுப்புத் திரையை முழுதாக அகற்றுகிறார்கள். தேவைப்பட்டால் மண்ணீரல், பித்தப்பை, குடலின் சில பகுதிகளும் போகும். இந்தச் சவ்வு உரிப்பு முறைகளை 1990களில் வகுத்துப் பரப்பியவர் வாஷிங்டனைச் சேர்ந்த பால் சுகர்பேக்கர். இரண்டாவது பகுதி ஹைபெக். கட்டி எடுத்த பிறகு, அதே மேசையில், 41 முதல் 43 டிகிரி வரை சூடாக்கிய கீமோ மருந்தை வயிற்றறைக்குள் 60 முதல் 90 நிமிடம் சுழற்றுகிறார்கள். சிஸ்பிளாட்டின்தான் பொதுவாகப் பயன்படுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சிய அணுக்களை நேராகச் சென்று தாக்குவதே நோக்கம்; இரத்தத்தில் செலுத்தும்போது கொடுக்க முடியாத செறிவை இங்கே கொடுக்க முடியும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பெரியப்பாவுக்கு முன்கூட்டியே கேட்பார்கள்.

அறுவைக்கு முன் மருத்துவர் ஒரு தாளில் வயிற்றை வரைந்து காட்டினார். அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு ஒன்பது கட்டங்கள், சிறுகுடலுக்குத் தனியாக நான்கு, ஆக 13. ஒவ்வொரு கட்டத்திலும் நோயின் பருமனுக்கு ஏற்ப 0 முதல் 3 வரை எண். கூட்டினால் அதிகபட்சம் 39. அதற்குப் பி.சி.ஐ. என்று பெயர். அம்மாவின் தாளில் கூட்டுத்தொகை 17 இருந்தது. ஆனால் மருத்துவர் கூட்டுத்தொகையைவிடச் சிறுகுடலுக்குரிய அந்த நான்கு கட்டங்களையே பேனாவால் தட்டிக் காட்டினார். உதரவிதானத்தில் 3 இருந்தால் உரித்துவிடலாம். சிறுகுடல் முழுக்கவும் அதைத் தாங்கும் மடிப்பிலும் பரவியிருந்தால் எடுக்க இடமில்லை, குடல் இல்லாமல் மனிதர் வாழ முடியாது. உங்கள் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: சிறுகுடலும் அதன் மடிப்பும் எப்படி இருக்கின்றன?

அறுவை காலையில் தொடங்கி இரவில் முடிந்தது. முதல் வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவு. மண்ணீரல் எடுக்க வேண்டி வரலாம் என்பதால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் முதலியவற்றுக்கான தடுப்பூசிகளை முன்பே போட்டிருந்தார்கள். குடல் வேலை செய்யத் தொடங்க நாளானது. பசியே இல்லாமல் இரண்டு வாய் கஞ்சிக்கே மறுத்த அம்மாவைச் சாப்பிட வைப்பதுதான் வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது. ஒரு வேளைக்கு நிறையக் கொடுப்பதை விட்டுவிட்டு, இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சமாக, முட்டையும் பருப்பும் தயிரும் கலந்து கொடுத்தபோதுதான் எடை நின்றது.

ஜூன் 11, சற்றுக் கழித்து

ஆபத்தையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மேலே எழுதியது முழுமையாகாது. பல மையங்களின் 405 நோயாளிகளைத் தொகுத்து 2009இல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சைக்குப் பின் 31 சதவீதம் பேருக்குக் கடுமையான சிக்கல்கள் வந்தன. 2 சதவீதம் பேர் அறுவையை ஒட்டி இறந்தார்கள். இடைநிலை ஆயுள் 53 மாதங்கள். ஐந்தாண்டு கடந்தவர்கள் 47 சதவீதம். இவர்கள் அறுவைக்குத் தகுதியானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. நோய் வந்த எல்லாருக்குமான கணக்கு இது இல்லை.

இடைநிலை ஆயுள் என்பது பாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஹார்வர்டின் தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் இதே வயிற்றுச் சவ்வு நோய் வந்தது. அப்போது நூல்களில் இருந்த இடைநிலை எட்டு மாதம். அவர் இருபது ஆண்டு வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று இதைச் சொல்லவில்லை. எட்டு மாதம் என்று இணையத்தில் படித்துவிட்டுப் பெரியப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகச் சொல்கிறேன். முடிந்தால் இதை அவரிடம் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

ஜூன் 12

இன்னொருவர், வீட்டுக் கூரை கல்நார் ஷீட், உடனே எடுத்துவிடவா என்று கேட்டிருக்கிறார். உடையாமல் இருக்கும் ஷீட்டில் இழை சிமெண்டோடு கட்டுண்டு இருக்கிறது. ஆபத்து அதை அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும், பாசி போகக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்கும்போதும். அவசரமாக ஆள் வைத்து உடைத்து இறக்குவது இருப்பதைவிடக் கெடுதல். எடுக்கத்தான் வேண்டுமென்றால் நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அங்கே நிறுத்த வேண்டாம். கீழே விழுந்த தூளைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்க வேண்டாம்.

ஜூன் 19

சிறுகுடல் மடிப்பில் நோய் இருக்கிறது, முதலில் கீமோ கொடுத்துப் பார்த்துவிட்டு அறுவையைப் பேசலாம் என்று அந்த அறுவை மருத்துவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது கதவை மூடும் பதில் இல்லை. அம்மாவோடு அதே வார்டில் இருந்த ஒருவருக்கும் இப்படித்தான் சொன்னார்கள். அவருக்குப் பின்னால் அறுவை நடந்தது.

பெமெட்ரெக்செட் என்ற மருந்தும், கூடவே சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினும் கொடுப்பார்கள். நுரையீரல் சவ்வு நோயில் இந்த இணை சிஸ்பிளாட்டினை மட்டும் கொடுப்பதைவிட ஆயுளை நீட்டியது என்று 2003இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது: இடைநிலை 9.3 மாதத்திலிருந்து 12.1 மாதம். வயிற்றுச் சவ்வுக்கும் அதையே கொண்டுவந்து பயன்படுத்துகிறார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெமெட்ரெக்செட் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை தினமும், பி12 ஊசி ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை என்று கொடுப்பார்கள். மற்ற மாத்திரைகளோடு இதையும் சத்து மாத்திரை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விட்டால் வெள்ளணுக்கள் விழுந்து, வாய் புண்ணாகி, சாப்பிட முடியாமல் போகும். வலிக்குக் கடையில் வாங்கிய இபுப்ரூஃபன் போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் போடவும் கூடாது, சிறுநீரகம் இந்த மருந்தை வெளியேற்றுவதை அவை தடுக்கும்.

நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிவோலுமாப், இப்பிலிமுமாப் இணை நுரையீரல் சவ்வு நோயில் 2020இல் நல்ல பலன் காட்டியது. வயிற்றுச் சவ்வு நோயில் அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் இணையை 20 பேருக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில் எட்டுப் பேருக்குக் கட்டி சுருங்கியது. செலவு மிக அதிகம். முதல் கீமோ கேட்காதபோது பேச வேண்டிய விஷயம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 2

அம்மாவுக்குக் கல்நாரால்தான் வந்ததா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். இதைப் பற்றி நான் பல ஆண்டுகளாக யோசித்து வருகிறேன்.

அப்பா 1970களில் லேகிங் வேலை செய்தார். பொடியைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, சூடான குழாயின்மேல் கையால் பூசி, துணி சுற்றுவார்கள். பழைய பூச்சைக் கொத்தி எடுப்பதும் அவர்கள்தான். முகத்துக்குக் கட்டியது துண்டு மட்டுமே. மாலையில் அந்தக் காக்கிச் சட்டையோடுதான் வீட்டுக்கு வருவார். துவைக்கும் கல்லில் போடுமுன் அம்மா அதைக் கொல்லையில் இரண்டு கையாலும் பிடித்து உதறுவார். பைகளின் மூலையில் கட்டிக் கிடக்கும் வெள்ளைத் தூளை விரலால் நோண்டி எடுத்து ஊதுவார். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு இன்றுவரை சவ்வில் எதுவும் இல்லை.

1965இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் இருவரும் எழுதிய ஆய்விலேயே, கல்நார் ஆலைக்குள் கால் வைக்காமல், வேலைக்குப் போன கணவரின் உடையைத் துவைத்ததால் மீசோதீலியோமா வந்த பெண்கள் இருக்கிறார்கள். அப்பா வேலையில் சேர்ந்தபோது அது தெரிந்த செய்தி. யாரும் அவருக்குச் சொல்லவில்லை, மாற்றுடையும் குளிக்க இடமும் கொடுக்கவில்லை.

ஆயினும் பெண்களுக்கு வரும் வயிற்றுச் சவ்வு நோயில் கல்நார்த் தொடர்பு ஆண்களைவிடக் குறைவாகவே கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு வயிற்றில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வரலாம். துருக்கியின் கப்படோகியாவில் சில ஊர்களில் கல்நார் இல்லாமலே, எரியோனைட் என்ற கனிம இழையால் குடும்பம் குடும்பமாக வந்தது. பி.ஏ.பி.1 மரபணுவில் பிறவியிலேயே பிழை உள்ள குடும்பங்களில் மீசோதீலியோமாவோடு கண்ணில் மெலனோமா, சிறுநீரகப் புற்றும் வருவதுண்டு. ஜூன் 8 குறிப்பில் பி.ஏ.பி.1 இழப்பு என்று எழுதியது கட்டியில் நேர்ந்த இழப்பு. அது பிறவிப் பிழையாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்தில் இந்த மாதிரி வேறு புற்றுகள் இருந்தால் இரத்தத்தில் சோதித்துப் பார்க்கலாம். அம்மாவிடம் சோதித்தபோது பிழை இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சட்டைகளைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அம்மா அறுவைக்குப் பின் ஐந்தாண்டு இருந்தார். மூன்றாம் ஆண்டில் நோய் திரும்பியது. அந்த ஐந்தாண்டில் தம்பியின் கல்யாணத்துக்குச் சீர்வரிசைத் தட்டுகளை அவரே நின்று அடுக்கினார். இதைக் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன், பயன் இருந்ததா என்று கேட்டால் இருந்தது.

ஜூலை 9

பெரியப்பா பாய்லர் பழுதுபார்ப்பில் கல்நார்க் கயிறு வெட்டுவதும், பழைய லேகிங் பிரிப்பதும் செய்தார் என்று தெரிந்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மருத்துவக் கோப்பில் எழுத வைத்தீர்களா? இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அம்மாவின் கோப்பில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று மட்டும் இருந்தது. கணவரின் வேலை என்ன என்று எந்த மருத்துவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் குழப்பமே வந்திருக்காது.

இழப்பீட்டுக்கும் அதுதான் அடிப்படை. 2023இல் நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றும் மீசோதீலியோமாவும் தொழில்சார் நோய்களாக இடம்பெற்றிருந்தன. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்ததால் உரிமை போய்விடாது. அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி முதன்மை நிறுவனத்திடமும் கோர முடிந்தது. கல்நார் ஆலைகள் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆலைக்கு வெளியே லேகிங் செய்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அப்படியொரு பதிவேடு பெரும்பாலும் தொடக்கத்திலேயே இருந்ததில்லை. எனவே நுழைவுச் சீட்டு, பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, சம்பள உறை எது கிடைத்தாலும் சேருங்கள். கூட வேலை செய்தவர்கள் இருவரிடம், எந்த ஆண்டில் எந்த யூனிட்டில் என்ன செய்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். அவர்களுக்கும் வயிறு உப்பல், காரணமில்லா எடைக்குறைவு இருந்தால் நீர் எடுப்பதோடு நிறுத்தாமல் திசு எடுக்கச் சொல்லும்படி அவர்களிடம் சொல்லுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் வரை உண்டு. உங்கள் மருத்துவமனையில் இந்த அறுவைக்கு அதில் எவ்வளவு அனுமதிப்பார்கள் என்பதைக் காப்பீட்டு மேசையில் எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

ஆகஸ்டு 27

மூன்று சுற்றுக் கீமோவுக்குப் பிறகு நீர் குறைந்திருக்கிறது, மறுபடி லேப்ராஸ்கோப்பி பார்க்கப் போகிறார்கள் என்ற செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். துளை போடும்போது வயிற்றின் நடுக்கோட்டில் போடுவார்களா என்று கேளுங்கள். துளையின் தடத்தில் கட்டி முளைக்கக்கூடும். நடுக்கோட்டில் இருந்தால் பெரிய அறுவையின்போது அந்தத் தழும்பையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம், பக்கவாட்டில் இருந்தால் சிரமம். பி.சி.ஐ. தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். சிறுகுடலுக்குரிய நான்கு கட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே பதிந்தால், அம்மாவின் தாளோடு வைத்துப் பார்த்து எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.